குடித்துவிட்டு ஓட்டிய வழக்குக்குப் பிறகு என்ன செய்வது? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் நீதிமன்ற வாசல்களில் பத்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "முடிஞ்சுது." முடிந்தது அபராதம் மட்டும்தான். லைசென்ஸ் விவகாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். குடி அவரோடு வீட்டுக்கே வந்துவிடும்.

பிரிட்டனில் ஒருவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ ஓட்டத் தடை விழுந்தால், நீதிமன்றமே ஒரு மறுவாழ்வுப் பயிற்சியில் சேர வாய்ப்புக் கொடுக்கலாம். மொத்தம் 16 மணி நேரம், மூன்று தனித்தனி நாட்கள். முடித்தால் தடைக்காலம் வழக்கமாகக் கால் பங்கு குறையும். ஜெர்மனியில் போதை ஒரு அளவைத் தாண்டியிருந்தால், மருத்துவ, உளவியல் பரிசோதனையில் தேறாமல் லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது. நம் ஊரில் இப்படி ஒரே பெயரில், ஒரே கூரைக்குக் கீழ் எதுவும் இல்லை. நீதிமன்றம் ஒரு பக்கம், ஆர்.டி.ஓ. ஒரு பக்கம், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒரு பக்கம், மனநலப் பிரிவு ஒரு பக்கம். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. இந்த நான்கையும் கோத்து ஒரு மறுவாழ்வுத் திட்டமாக ஆக்குவது குடும்பத்தின் வேலையாகிவிடுகிறது. லைசென்ஸ் இல்லாமல் கிடக்கும் அந்தச் சில மாதங்களைத்தான் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த நாட்களை வீணாக்கினால் அவ்வளவு தோதான காலம் மறுபடி அமைவது கஷ்டம்.

யாருக்காவது அடிபட்டோ, உயிர் போயோ இருந்தால் அது வேறு வழக்கு, வேறு பிரிவுகள். அதற்கு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். கீழே உள்ளது விபத்தில்லாமல் சோதனையில் பிடிபட்டவர்களுக்கானது.

1. காகிதங்களைச் சேருங்கள்

ஊதும் கருவியிலிருந்து வந்த சீட்டு, வண்டியையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டதற்கான ரசீது, வழக்கு எண். இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். சீட்டில் நேரமும் அளவும் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். கைது செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். தக்க காரணம் இல்லாமல் மறுத்ததையே வழக்குக்கு வலு சேர்க்கும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பின்னால் உட்கார்ந்து வந்த மச்சினனுக்கும் ஒரு வார்த்தை. குற்றத்துக்கு உடந்தை என்று 188-வது பிரிவில் அவர் மீதும் வழக்குப் போடலாம்.

2. நீதிமன்றம்

இது ஸ்பாட் ஃபைன் கட்டித் தீரும் குற்றம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவி கேட்கலாம்; 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். வருமானம் குறைந்தவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதில் உரிமை உண்டு.

பலர் கேட்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. சிகிச்சையை வழக்கு முடிந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறார்கள். முன்பே தொடங்குங்கள். மனநலப் பிரிவின் ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, ஆலோசனைக்குப் போன தேதிகள் ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞர் மூலம் நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுபோகலாம். தண்டனையைக் குறைப்பதும் குறைக்காததும் அவர் விருப்பம். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ன் கீழ், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியில் விடும்படி கேட்க முடியுமா என்பதையும் வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 2022-ல் குடித்துவிட்டு ஓட்டி விபத்து ஏற்படுத்திய ஒருவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது, அடையாறு சிக்னலில் நின்று குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்று துண்டறிக்கை கொடுக்க வேண்டும் என நிபந்தனை போட்டது. தண்டனையைத் தாண்டி யோசிக்கிற மனம் நீதிமன்றங்களுக்கு இருக்கிறது. கையில் காட்ட ஏதாவது இருந்தால்தான் அதற்கு வழி பிறக்கும்.

3. லைசென்ஸ்: இரண்டு உத்தரவுகள் வரலாம்

இங்கேதான் குழப்பம். 19-வது பிரிவின் கீழ் ஆர்.டி.ஓ. முதல் முறைக்கு மூன்று மாதம் லைசென்ஸை முடக்கலாம். மறுமுறை என்றால் ரத்து. அதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதில் எழுதாமல் வைத்துவிடாதீர்கள். உத்தரவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இது ஒரு பக்கம். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால், 20-வது பிரிவு குறைந்தது ஆறு மாதத் தகுதியிழப்பைச் சொல்கிறது. ஆகவே "ஆர்.டி.ஓ. மூணு மாசம்தான் போட்டிருக்கார்" என்று நாலாவது மாதம் வண்டியை எடுத்துவிட வேண்டாம். தீர்ப்பு நகலையும் ஆர்.டி.ஓ. உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிந்தைய தேதியை நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

முடக்கக் காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாகக் கைக்கு வராது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். எந்தப் பள்ளியின் சான்றை ஏற்றுக்கொள்வார்கள் என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேளுங்கள். வாசலில் நிற்கும் புரோக்கரிடம் கேட்டால் சான்றிதழ் கிடைக்கும், பயிற்சி கிடைக்காது.

செட்டிநாடு இரண்டு மாவட்டமாகப் பிரிந்து கிடப்பதால் இன்னொரு அலைச்சலும் உண்டு. திருமயம், பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் சிவகங்கை மாவட்டம். பிடிபட்ட இடம் ஒரு மாவட்டம், லைசென்ஸ் கொடுத்த அலுவலகம் இன்னொரு மாவட்டம் என்றால், காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

4. எவ்வளவு குடிக்கிறார் என்பதை நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்

ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் லோடு ஏற்றும் ஒரு வேன் ஓட்டுநர். விடிகாலை ஐந்தரைக்குத் திருச்சி ரோட்டில் பிடிபட்டார். மஞ்சப்பையில் எல்லாக் காகிதங்களையும் மடிக்காமல் வைத்துக்கொண்டு வந்தார். கோபம் முழுக்க ஊதும் கருவி மேல்.

"நைட்டு பத்து மணிக்கே முடிச்சிட்டேண்ணே. காலைல குளிச்சு, டீ குடிச்சிட்டுத்தான் வண்டியவே எடுத்தேன். மிஷின் தப்புண்ணே."

"நைட்டு எவ்வளவு?"

"எப்பவும் போலதாண்ணே. ஒரு ஆஃப்."

மிஷின் தப்பில்லை. டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 125 மில்லிகிராம் வரை ஏறும். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும். வரம்பான 30-க்கு இறங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல். ஆஃப் என்றால் இரண்டு குவார்ட்டர், அதாவது 250 மில்லிகிராம். பதினான்கு, பதினைந்து மணி நேரம். இரவு பத்துக்கு ஆஃப் முடித்தவர் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம் வரை சட்டத்தின் கண்ணில் குடித்தவர்தான். எடை, சாப்பாடு, கல்லீரல் எல்லாம் பொறுத்து இது மாறும், இது தோராயம். மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல், ஸ்ட்ராங் டீ எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கமும் கூட்டாது, நேரத்தை மட்டும் கடத்தும். ஒரு பெரிய பீர் பாட்டில்கூட ஒல்லியான ஆளை வரம்புக்கு மேலே கொண்டுபோகப் போதும்.

நம் பக்கத்தில் இந்த விடிகாலைக் கணக்கு முக்கியம். கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றும் வேன், முகூர்த்தத்துக்கு ஆள் கூட்டி வரும் கார், மார்க்கெட்டுக்குக் காய் எடுக்கப் போகும் லோடு ஆட்டோ. எல்லாமே நாலு மணிக்குக் கிளம்புகிறவை. முந்தின இரவு குடித்தவர் தெளிவாகத்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

அடுத்து, இது பழக்கமா நோயா என்று பார்க்க மருத்துவர்கள் கேட்கும் நான்கு கேள்விகள். குடியைக் குறைக்கணும்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா? குடிக்கிறதைப் பத்தி யாராவது சொன்னா எரிச்சல் வருதா? குடிச்சதுக்காகக் குற்ற உணர்ச்சி வந்திருக்கா? காலைல எழுந்ததும் கை நடுக்கத்துக்காகவோ தலைவலிக்காகவோ முதல் வேலையா குடிச்சதுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவதுக்கு ஆமாம் என்றால், மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இந்த வாரமே பார்க்க வேண்டும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் மாறும்.

நான்குக்கும் இல்லை என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். தம்பி கல்யாணத்தில் என்றோ ஒரு நாள் குடித்து, கெட்ட நேரத்துக்கு வண்டியை எடுத்தவர். அவருக்கு மாதக்கணக்கான சிகிச்சை தேவையில்லை. ஓரிரு ஆலோசனையும், எட்டாவது படியில் வரும் ஏற்பாடும் போதும். எல்லோரையும் ஒரே மையத்தில் கொண்டுபோய்த் தள்ளுவது பணத்துக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

5. நிறுத்துவது: சட்டென்று வேண்டாம், மருத்துவரோடு

தினமும் குடிக்கிறவர் வழக்குப் பயத்தில் ஒரே நாளில் நிறுத்துவார். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், இரவெல்லாம் எழுந்து ஓடுவார்கள். நம் ஊரில் இதைக் காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் கூட்டிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. இது உயிரை எடுக்கக்கூடிய அவசர நிலை. 108-க்குப் போன் செய்யுங்கள். விபூதியைப் பிறகு பூசிக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கச் சில நாட்களுக்கு மாத்திரை, கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் உடம்பு தெளிந்துவிடும். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மூன்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் பேச்சுக்குக் காரைக்குடி அரசு மருத்துவமனை போதும். அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. பெண்கள் தயங்காமல் கூப்பிடலாம், குடிப்பவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரையும் உண்டு: அதைச் சாப்பிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், கணவருக்கே தெரியாது" என்று சுவரொட்டியிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரமே இருந்தாலும் ஆச்சரியமில்லை. தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம் போல ஆஃப் அடித்தால் மாரடைப்பில் போகலாம். அந்த மாத்திரை கல்லீரல் சோதனைக்குப் பிறகு, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான்.

6. தங்கிச் சிகிச்சை எடுக்கும் மையம்: சேர்க்கும் முன்

எல்லோருக்கும் தங்கிச் சிகிச்சை தேவைப்படாது. வலிப்பு வந்தவர், பலமுறை நிறுத்தி மறுபடி தொடங்கியவர், வீட்டிலேயே குடிக்கும் கூட்டம் உள்ளவர் ஆகியோருக்குத்தான் அது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அறக்கட்டளை நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் நாடு முழுவதும் முன்மாதிரி. குடிப்பவரோடு குடும்பத்தையும் உட்கார வைத்துச் சிகிச்சை செய்வதும், வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து பின்தொடர்வதும் அங்கே உண்டு. அதே அளவுகோலை உள்ளூர் மையத்துக்கும் வையுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மதுவால் வரும் பாதிப்பையும் மனநோய் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே இத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், வீட்டோடு போனில் பேசலாமா என்று கேளுங்கள். படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். "உள்ளே பார்க்க அனுமதி இல்லை" என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். ராத்திரி வேன் அனுப்பி, நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிப் போகும் மையங்களை நான் எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். அப்படித் தூக்கிப் போவது சட்டத்துக்குப் புறம்பு. அதோடு, திரும்பி வந்த ஆளுக்கு வீட்டின் மேல் வரும் வெறுப்பே அடுத்த பாட்டிலுக்குச் சாக்காகிவிடும்.

7. அந்தச் சில மாதங்கள்

லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் வீட்டில் உட்கார்ந்தால் குடி கூடும். இதை முதல் நாளே யோசிக்க வேண்டும். வண்டி முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, லோடு ஏற்றி இறக்குவது, பில் எழுதுவது, குடோன் பார்ப்பது என்று வேறு வேலை கேளுங்கள். சொந்த வேன் என்றால் இன்னொரு ஓட்டுநரை வைத்து, இவர் கிளீனராகக் கூடப் போகலாம். மானக்கேடுதான். ஆனால் வருமானம் நிற்காது.

வாரம் ஒருமுறை ஆலோசனைக்குப் போகட்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக் கூட்டங்களுக்குக் காசு கிடையாது, பெயர் கேட்க மாட்டார்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பு இந்தியாவில் 1957 முதல் இருக்கிறது, தமிழிலும் கூட்டம் நடக்கிறது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக உண்டு. மனைவிக்கும் அம்மாவுக்கும் அது அவருக்கு இணையாகத் தேவை. பொய் சொல்லி முதலாளியைச் சமாளிப்பது, கடனை அடைப்பது, ஒவ்வொரு சட்டைப் பையாகத் துழாவுவது என்று வருடக்கணக்காக ஓடி அவர்கள் களைத்துப் போயிருப்பார்கள்.

மாலை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயப்பனுக்கோ, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக்கோ மாலை போட்டால் குடியைத் தொடாதவர்கள் இங்கே நிறைய. குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடிகளோடு நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். மருந்து சாதிக்காததை அந்தக் கட்டுப்பாடு சாதிக்கும். இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் இரண்டு இடத்தில் உஷார். தினமும் குடிக்கிறவர் மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய் உடம்பைத் தெளிய வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன வலிப்பு விரதத்தின் இரண்டாம் நாளில் வரலாம். அடுத்தது மாலை கழற்றும் நாள். அன்றைக்கே "விரதம் முடிஞ்சிருச்சுல்ல" என்று ஒருத்தன் பாட்டிலோடு காத்திருப்பான். மாலை கழற்றிய மறுநாளுக்கு ஆலோசகரிடம் நேரம் வாங்கி வையுங்கள். கோயிலில் கயிறு கட்டி எடுக்கும் சத்தியத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

8. மறுபடி வண்டியில்

புத்தாக்கப் பயிற்சி முடித்து, உத்தரவுகளில் பிந்தைய தேதியும் கடந்து, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஓட்டலாம். முதலாளியோடும் வீட்டோடும் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: குடித்தால் அன்றும் மறுநாள் மதியம் வரையும் சாவி வேறொருவர் கையில். யார் கையில் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். மஞ்சுவிரட்டு, கொப்புடையம்மன் திருவிழா, ஊர்ப் படைப்பு, கல்யாண சீசன் இதற்கெல்லாம் வாடகைக்கு மாற்று ஓட்டுநர் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காது.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டி மோதினால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. எதிராளிக்குக் கொடுக்க நேர்ந்த நஷ்ட ஈட்டை உங்களிடமே திருப்பி வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வேன் மேல் கடன் இருந்தால் இரண்டு பக்கமும் இடி.

மறுபடி குடித்துவிட்டால்? நடக்கும். பலருக்கு நடக்கிறது. அன்றைக்கே ஆலோசகரைக் கூப்பிடுங்கள், சாவியை வாங்குங்கள், சண்டையை மறுநாளைக்கு வையுங்கள். ஒருமுறை சறுக்கியவர் "எல்லாம் போச்சு" என்று பழைய கணக்குக்கே போய்விடுவதுதான் பெரிய சேதம். வண்டியோடு மறுபடி பிடிபட்டால் மட்டும் கணக்கு வேறு: இரண்டாம் குற்றம், லைசென்ஸ் ரத்து, சிறைக்கும் வாய்ப்பு அதிகம். அப்படி நேர்ந்தால் முதல் படியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இந்த முறை வழக்கறிஞர் இல்லாமல் நீதிமன்றப் படி ஏற வேண்டாம். முதல் வழக்குக்குப் பிறகு எடுத்த சிகிச்சைக் காகிதங்கள் எல்லாம் அதே மஞ்சப்பையில் இருக்கட்டும், அவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.